முதல் சம்பளத்தில் குறைந்தது

கோவில்பட்டி,
9.9.2025

அன்புள்ள தங்கமாரி அத்தைக்கு,

சுடலைச்செல்வி எழுதுகிறேன். என் முகத்தைப் பார்க்கவே பிடிக்காமல் நீங்கள் போயிருக்கும்போது, கடிதம் எழுதித் தொந்தரவு செய்வதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். உங்கள் போன் அணைந்தே கிடக்கிறது. ஒருவகையில் அது எனக்கு நல்லதுதான். நீங்கள் எடுத்திருந்தால் 'அத்தை' என்பதற்குமேல் எனக்குப் பேச்சு வந்திருக்காது. நீங்கள் குளத்தூரில் உங்கள் தங்கச்சி வீட்டில் இருப்பதாக அம்மாதான் சொன்னாள். முகவரியும் அவள் விசாரித்துக் கொடுத்ததுதான்.

அன்றைக்கு நடந்ததை என் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். ஒன்றாம் தேதி சாயங்காலம் நம் குதிரைவாலி அரிசி மிஷின் ஷெட்டில் நீங்கள் வாங்கப்போவது முதல் சம்பளம் என்பதைவிட, நான் கொடுக்கப்போவது முதல் சம்பளம் என்பதில்தான் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. எங்கள் வீட்டில் கூலி வாங்கியவர்கள் உண்டு. தாத்தா வாங்கினார், அப்பா வாங்கினார், அம்மா இன்னும் வாங்குகிறாள். கொடுத்தவர் ஒருவரும் இல்லை. எப்படிக் கொடுப்பது என்று நான் யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்வது? பெரியவர் கையால் கொடுத்தால் நன்றாக இருக்கும் என்றுதான் பக்கத்து மாட்டுத்தீவனக் கடை காசிராஜன் அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். அவர் கடையில் மூட்டை தூக்கும் செல்லத்துரை அண்ணனும் டீக்கடை சீனி மாமாவும் தாங்களாகவே வந்து நின்றுகொண்டார்கள்.

நம் ஊரில் கூலியைச் சத்தமாக எண்ணித்தான் கையில் வைப்பார்கள் என்பதை நான் மறந்துவிட்டேன். அண்ணாச்சி எண்ணிக்கொண்டே வந்தார். பத்தாயிரம் தாண்டிக் கொஞ்சத்தில் நின்றுவிட்டது. கவரைக் கவிழ்த்து உதறினார்.

"என்னம்மா செல்வி, பன்னெண்டாயிரம்னுதான பேச்சு? குறையுதே?"

நான்கு பேர் என்னைப் பார்த்தார்கள். தரையில் கிடந்த குதிரைவாலி உமியைப் பார்த்தேன்.

"அரிசியில எதுவும் கை வச்சிட்டாவளோ என்னமோ" என்று செல்லத்துரை அண்ணன் சிரித்தார்.

நீங்கள் கவரை மிஷின் தொட்டியின்மேல் வைத்தீர்கள். முந்தானையை விரித்து உதறி எல்லோருக்கும் காட்டினீர்கள். பிறகு நடந்துவிட்டீர்கள். நீங்கள் ஏன் சேலையை உதறினீர்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அம்மாவிடம் கேட்கப் பயமாக இருக்கிறது.

அத்தை, அந்தப் பணம் என் கையில் இல்லை. கொஞ்சம் நகராட்சிக்குத் தொழில் வரி. சம்பளம் வாங்குகிறவரிடம் பிடித்துக் கட்டுவது வேலை கொடுப்பவரின் பொறுப்பு. மீதி முழுவதும் வருங்கால வைப்பு நிதி. உங்கள் பெயரில் அரசாங்கத்திடம் சேர்வது. ஆகஸ்டில் ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டேனே, போனைத் தூக்கிப் பிடித்து உங்களைக் கண் சிமிட்டச் சொன்னேனே, "என்னத்துக்குட்டி என்னைக் கண்ணடிக்கச் சொல்லுத?" என்று சிரித்தீர்களே, அது இதற்குத்தான். அன்றே விளக்கமாகச் சொல்லியிருக்க வேண்டும். 'இதெல்லாம் உங்கள் நல்லதுக்குத்தான்' என்று என்னைவிடப் பெரியவரிடம் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது.

தொழில் வரிக்குப் பதிந்துகொள்ள நகராட்சிக்குப் போனபோது, சன்னலுக்குள்ளிருந்த அலுவலர், "எத்தனை பேரு வேலை பாக்காங்க?" என்று கேட்டார். "ஒருத்தர்" என்றேன். என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "பேரு?" என்றார். உங்கள் பெயரைச் சொன்னேன். அவர் எழுதினார். அத்தை, கல்லூரியில் பட்டம் வாங்கியபோதுகூட எனக்கு அப்படிச் சிலிர்க்கவில்லை.

கவர் பத்திரமாக இருக்கிறது.

இப்படிக்கு,
சுடலைச்செல்வி


குளத்தூர்,
14.9.2025

செல்விக்கு,

தங்கமாரி எழுதிக்கொண்டது. நான் நன்றாக இருக்கிறேன். உப்பளத்துக்குப் போகிறேன். பாத்தியில் உப்பு வாரி வரப்பில் குவிக்கிற வேலை. கால் வெடிக்கிறது, கண் கூசுகிறது. ஆனால் சாயங்காலம் கங்காணி முழுக்கூலியையும் எண்ணிக் கையில் வைத்துவிடுகிறான். ஒரு காசு குறையாது.

நான் சேலையை ஏன் உதறினேன் என்று தெரியவில்லை என்று எழுதியிருக்கிறாய். நீ வள்ளிமயில் மகள்தானா? உன்னை நிழலிலேயே வைத்து வளர்த்துவிட்டாள் மதினி. அதனால் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

பருத்திக்காட்டில் நாங்கள் மடியில்தான் பருத்தி எடுத்துப் போடுவோம். சாயங்காலம் காட்டு வரப்பில், பொழியில் வரிசையாக நிற்போம். காட்டுக்குச் சொந்தக்காரச் சம்சாரி ஒவ்வொருத்திக்கும் சத்தமாக எண்ணிக் கூலி கொடுப்பார். எவளாவது மடிக்குள் மடி வைத்துப் பருத்தியை ஒளித்தாள் என்று தெரிந்தால் ஏச மாட்டார், அடிக்க மாட்டார். குறைத்து எண்ணுவார். ஏன் என்று சொல்லவும் மாட்டார். தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவ்வளவுதான். அடுத்த நாள் விடிவதற்குள் இடைசெவல் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அதற்கப்புறம் அவளை எந்தக் காட்டுக்கும் கூப்பிட மாட்டார்கள். என் சித்தி மகள் ஒருத்தி அப்படிக் குறைந்த கூலி வாங்கிய மறுவாரமே திருப்பூருக்குப் போனாள், இன்னும் வரவில்லை. அவள் எடுத்தாளோ எடுக்கவில்லையோ யாருக்குத் தெரியும்?

பாவாடை கட்டிய வயதிலிருந்து கூலிக்குப் போகிறேன். என் கூலியை ஒருத்தரும் குறைத்து எண்ணியதில்லை. அவர் செத்த வருடம் வீட்டில் அடுப்பு எரியவில்லை. அப்போதுகூட மடி உதறிக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போயிருக்கிறேன்.

நீ மூன்று ஆம்பிளைகளை வைத்துக்கொண்டு என் கூலியைக் குறைத்து எண்ண வைத்தாய். ஏன் குறைகிறது என்று அவர் உன்னிடம் கேட்டார். நீ தரையைப் பார்த்தாய்.

அரசாங்கத்துக்கு என்னைத் தெரியாது, எனக்கும் அதைத் தெரியாது. என் பணத்தை அங்கே கொடுக்கச் சொல்லி நான் கேட்டேனா? மிஷினில் கரிசல் மண்கட்டி விழாமல் பார்த்துக்கொள். நெல் சல்லடை போதாது.

தங்கமாரி


கோவில்பட்டி,
18.9.2025

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். படித்து முடித்த பிறகும் திரும்பவில்லை.

"உன்னைக் காலேஜுக்கு அனுப்புனேன்லா, ஒரு நாளு பருத்திக்காட்டுக்கும் அனுப்பியிருக்கணும்" என்றாள்.

"தெரியாமப் பண்ணிட்டேம்மா."

"தெரியாமப் பண்ணுனதாலதான் சொல்லுதேன். தெரிஞ்சு பண்ணியிருந்தா இன்னைக்கு இந்த வீட்டுல உனக்குச் சோறு கெடையாது."

அத்தை, நான் அன்று செய்தது என்ன என்று இப்போது தெரியும். வார்த்தை இல்லாமல் தரையைப் பார்த்தேனே, அது உங்களுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்பதும் தெரியும். அதற்கு மன்னிப்பு என்று எழுதினால் போதாது. ஆனாலும் உங்களுக்குச் சொல்லாமல் விட்ட பாதியை எழுதிவிடுகிறேன். தயவு செய்து முழுவதும் படியுங்கள்.

வைப்பு நிதிக்கு உங்கள் சம்பளத்தில் எவ்வளவு எடுத்தேனோ அதே அளவு நானும் என் கையிலிருந்து போட வேண்டும். போட்டேன். இருபது பேர் வேலை செய்கிற இடத்தில்தான் இது கட்டாயம். ஒருத்தர் மட்டும் இருக்கும் இடத்தில் இருவரும் சம்மதித்தால் சேரலாம். சட்டம் என்னைக் கேட்கவில்லை, நானாகப் போய்க் கேட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

கடன் வாங்கி மிஷின் வாங்கியபோது வங்கியில் அம்மாவின் வேலை பற்றிக் கேட்டார்கள். "கூலி" என்றேன். "எங்கே வேலை பார்த்தார், எத்தனை வருடம், ஏதாவது சான்று?" என்றார்கள். நூறு நாள் வேலை அட்டையைத் தவிர ஒன்றும் இல்லை. இத்தனை வருடம் இந்தக் கரிசலில் குனிந்து நிமிர்ந்தவள், வேலை செய்தாள் என்பதற்கு எங்குமே எழுத்து இல்லை. நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து வெட்கப்படவில்லை, பயந்துபோனேன். ஒரு ஆளின் வாழ்க்கை இப்படிக் காற்றோடு போய்விட முடியுமா?

உங்கள் பெயரைக் கணினியில் பதிந்த அன்று ஒரு நீளமான எண் வந்தது. அது உங்களுடைய எண். என் தொழிலுடையது அல்ல. நாளைக்கு என் மிஷின் ஓடாமல் போனால், நீங்கள் வேறு எந்தக் கம்பெனிக்குப் போனாலும் அதே எண் உங்கள் கூடவே வரும். வேலை விட்டால் பணத்தை எடுத்துக்கொள்ளலாம். நான் போடும் பங்கில் பெரும்பகுதி ஓய்வூதியத்துக்குப் போகிறது. பத்து வருடம் இப்படிக் கட்டிவந்தால், ஐம்பத்தெட்டு வயதுக்கு மேல் மாதாமாதம் உங்கள் பெயரில் ஓய்வூதியம் வரும். பெரிய தொகையாக இருக்காது. ஆனால் யாரும் சத்தமாக எண்ணிக் கொடுக்க வேண்டியதில்லை.

மாதம் பதினைந்துக்குள் கட்ட வேண்டும். ஆகஸ்டுக்கு உள்ளதைக் கட்டிவிட்டேன். அந்தப் பொத்தானை அழுத்துமுன் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். என் தொழிலுக்கு வயது இன்னும் ஒன்றுகூட ஆகவில்லை. நான் பத்து வருடத்துக்கு ஒருத்தருக்கு வாக்குக் கொடுக்கிறேன். கோயிலில் மூலஸ்தானத்தின் முன் நிற்கும்போது வருகிற ஒரு நடுக்கம் உண்டு, அதுதான் வந்தது. ஒருத்தரை வேலைக்கு வைப்பது என்றால் வேலை வாங்கிச் சம்பளம் கொடுப்பது என்றுதான் நினைத்திருந்தேன். ஒருத்தருடைய வயதான காலத்தைக் கையில் வாங்குவது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

நீங்கள் சொன்னபடி கரிசல் கட்டி அரிசியில் விழத்தான் செய்கிறது. அரிசி மணியும் அதுவும் ஒரே அளவு. சென்னைக்குப் போன மூட்டை ஒன்று திரும்பி வந்துவிட்டது. நானே புடைத்துப் பார்த்தேன். பாதி அரிசி வாசலில் கிடக்கிறது, கோழிகளுக்குத்தான் நல்ல நாள்.

சுடலைச்செல்வி


குளத்தூர்,
25.9.2025

செல்விக்கு,

உன் கடிதம் வந்த அன்று உப்பளத்திலிருந்து வர நேரமாகிவிட்டது. என் தங்கச்சி மகள் காவியாதான் வாசித்தாள், எனக்குக் கண் எரிந்தது. வாசித்துவிட்டு அவளாகவே என் போனை எடுத்து உயிர் கொடுத்தாள். அவளுக்கு எப்போதும் அதில் ஒரு கண்.

கொஞ்ச நேரத்தில் டிங் டிங் என்று வரிசையாக வந்து விழுந்தது. நீ கூப்பிட்டதெல்லாம். மதினி கூப்பிட்டது. கடைசியில் இங்கிலீசில் ஒன்று.

"பெரியம்மா, உன் பேருல பணம் ஏறியிருக்காம்" என்றாள்.

"யாரு ஏத்துனது?"

"கவர்மெண்டு அனுப்பியிருக்கு. ஆகஸ்ட் மாசத்துக்காம்."

"செல்வி அனுப்பியிருப்பா."

"இல்ல பெரியம்மா. செல்வி அக்கா கட்டியிருக்காவ. இந்த மெசேஜ அனுப்புனது கவர்மெண்டு."

நான் அவளைத் திரும்ப வாசிக்கச் சொன்னேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நாலைந்து தடவை வாசிக்கச் சொன்னேன். ஆகஸ்ட் மாதம் நான் கோவில்பட்டியில் உன் ஷெட்டில் உட்கார்ந்து கல் பொறுக்கினேன் என்று டெல்லியில் எவனுக்கோ தெரிந்திருக்கிறது. நான் சொல்லவில்லை. நீ கூடப் பக்கத்தில் இல்லை. நான் பாட்டுக்கு உப்பு வாரிக்கொண்டிருக்கிறேன். அது தானாக என்னைத் தேடிக்கொண்டு இந்தக் கடற்கரை வரைக்கும் வந்திருக்கிறது. என் அப்பாவுக்கு நான் எந்தக் காட்டில் வேலை பார்க்கிறேன் என்று ஒரு நாளும் தெரியாது, செல்வி.

என் தங்கச்சி நம்பவில்லை. "இப்படித்தான் ஒருத்தி போன்ல வந்த நம்பரச் சொல்லி உள்ளதையும் போக்கடிச்சா" என்று போனைப் பிடுங்கி வைத்துவிட்டாள். அது கிடக்கட்டும்.

எனக்குச் சில விஷயம் தெரிய வேண்டும். நீ என் பங்குக்குச் சமமாகப் போடுகிறாய் என்கிறாய். உனக்குக் கடன் இருக்கிறது. மதினி இன்னும் அடுத்தவன் காட்டுக்குப் போய்த்தான் வட்டி கட்டுகிறாள். உன்னால் முடியுமா? முடியாதென்றால் இப்போதே சொல். பாதியில் கைவிட்டால் எனக்குக் கோபம் வராது, கேவலமாக இருக்கும்.

முடியும் என்றால் ஒன்று செய். ஆயுதபூசை வருகிறது. மிஷினுக்குப் பொட்டு வைப்பாய், பொரிகடலை கொடுப்பாய். அந்த மூன்று பேரும் பொரிக்கு வராமல் இருக்க மாட்டார்கள். அவர்கள் முன்னால் நீ வாயைத் திறந்து சொல்ல வேண்டும். என் கூலி ஏன் குறைந்தது, அது எங்கே போனது, நீ எவ்வளவு போட்டாய், எல்லாம். எழுதிக் காட்டக் கூடாது. அம்மாவை விட்டுச் சொல்லக் கூடாது. நீ சொல்ல வேண்டும். நான் அங்கே இருக்க மாட்டேன். இருந்தால் நீ என்னைப் பார்த்துச் சொல்வாய். அவர்களைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

சொன்னால் பார்க்கலாம்.

தங்கமாரி


கோவில்பட்டி,
3.10.2025

அன்புள்ள அத்தைக்கு,

சொல்லிவிட்டேன்.

கல்லூரியில் மூன்று வருடமும் நான் ஒருமுறைகூடக் கை தூக்கியதில்லை. வருகைப் பதிவில் 'உள்ளேன்' சொல்லும் குரல்கூட முன்வரிசைக்குக் கேட்காது.

பூசை முடிந்தது. மிஷினுக்கு மாலை போட்டாயிற்று. காசிராஜன் அண்ணாச்சி பொரியை வாங்கிக்கொண்டு கிளம்பப் பார்த்தார். "அண்ணாச்சி, கொஞ்சம் நில்லுங்க" என்றேன். நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. மூவரும் திரும்பிவிட்டார்கள்.

என்ன சொன்னேன் என்று வரிசையாக நினைவில்லை. தங்கமாரி அத்தை ஒரு மணி அரிசியைக்கூட எடுக்கவில்லை என்று முதலில் சொன்னேன். அந்தப் பணம் குறைந்தது அவர் தப்பால் அல்ல, அது அவர் பெயரிலேயே சேர்கிறது, நானும் அதே அளவு போடுகிறேன், அதை அன்றைக்கே சொல்லாமல் நின்றது என் தப்பு என்றேன். நடுவில் அழுகை வந்தது. அழுதால் பாதியில் நின்றுவிடும் என்று தொட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

சீனி மாமாதான் முதலில் கேட்டார்.

"அப்போ அவ பணமும் அவளுக்கு, உன் பணமும் அவளுக்கா?"

"ஆமா மாமா."

"உனக்கு என்னம்மா லாபம்?"

அண்ணாச்சிதான் என்னைக் காப்பாற்றினார். "லாபமா? எம் பொண்டாட்டி இதைக் கேட்டா எங் கடைய விட்டுட்டு இவட்ட வேலைக்கு வந்துருவா!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவர் முகம் மாறியது. "என் கையால எண்ண வச்சிட்டியே தாயி. நான்லா அவிய கூலியக் கொறச்சு எண்ணியிருக்கேன்" என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவரும் சம்சாரி வீட்டுக்காரர்தான், அவருக்கு அன்றே உறுத்தியிருக்கிறது.

செல்லத்துரை அண்ணன் பொரியைத் தின்னவே இல்லை. "அண்ணாச்சி, நம்ம கடையில இது எப்போ?" என்று கேட்டுவிட்டார்.

"ஏலே, நீ மொதல்ல மூட்டையத் தூக்குலே."

"தூக்கிட்டுத்தான கேக்கேன்."

அண்ணாச்சி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! இரண்டு நாளாக எனக்கு வணக்கம் சொன்னாலும் திரும்பச் சொல்வதில்லை. ஆனால் நேற்று மதியம் செல்லத்துரை அண்ணன் தனியாக வந்தார். சட்டைப் பையிலிருந்து ஆதார் அட்டையை எடுத்து என்னிடம் காட்டி, "எனக்கும் அப்படி நம்பரு கெடைக்குமாம்மா? சும்மா கேட்டு வைக்கேன்" என்றார். போகும்போது, "அக்காட்ட நான் சிரிச்சதுக்கு வருத்தப்படுதேன்னு சொல்லிரு" என்றார். சொல்லிவிட்டேன்.

முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். உங்களிடம் பொய் எழுத மாட்டேன். சில மாதம் இழுபறியாக இருக்கும். முதலில் உங்கள் பங்கும் என் பங்கும் எடுத்து வைத்துவிட்டுத்தான் கடன் தவணை, அதற்குப் பிறகுதான் எனக்கு என்று வரிசை வைத்திருக்கிறேன். கோயம்புத்தூர்க் கடை ஒன்று மாதாமாதம் அரிசி கேட்டிருக்கிறது. கல் இருந்தால் அதுவும் போய்விடும்.

சுடலைச்செல்வி


குளத்தூர்,
9.10.2025

செல்விக்கு,

தங்கச்சி என் போனைத் திருப்பித் தந்துவிட்டாள், காசிராஜன் போன் போட்டார். "அந்தப் பிள்ளை பேசுனத நீ கேட்டிருக்கணும், மைக்கு வச்ச மாதிரி" என்றார். பிறகு செல்லத்துரையால் தன் தூக்கம் போனதாக உன்னையும் என்னையும் சேர்த்து ஏசினார். அப்படி ஏசியதில் அவருக்கே மனசு லேசாகிவிட்டது, எனக்கும்தான்.

இங்கன மழை மேகம் கட்டிவிட்டது. உப்பளம் படுத்துவிடும். மழைக்காகத்தான் வருகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. தீபாவளி முடிந்து மறுவாரம் வருகிறேன். அந்தக் கவரை நீயே எண்ணிக் கொடு. சத்தமாக எண்ணு. பிடித்ததையும் சேர்த்துச் சொல்.

அதுவரைக்கும் அரிசியைப் புடைக்கிறேன் என்று கோழிக்குப் போடாதே.

தங்கமாரி


கோவில்பட்டி,
13.10.2025

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள்தான் வரப்போகிறீர்களே, இன்னும் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். நேரில் சொல்லத் தைரியமில்லாத ஒன்று மிச்சம் இருக்கிறது. மூன்று பேர் முன்னால் பேசியவளுக்கு இதற்கு மட்டும் வாய் வரவில்லை.

செப்டம்பரில் நீங்கள் வேலைக்கு வரவில்லை அல்லவா, அதையும் பதிய வேண்டியிருந்தது. சம்பளம் இல்லாத மாதம் என்று. அந்தக் கட்டத்தில் சுழியம் போடும்போது எனக்கு என்னவோபோல் இருந்தது. ஆகஸ்டுக்கு நேரே எண்கள் நிற்கின்றன. செப்டம்பருக்கு நேரே வெறுமை. நீங்கள் உப்பளத்தில் கால் வெடிக்க வேலை செய்த மாதம் அது. ஆனால் அங்கே நீங்கள் சும்மா இருந்ததாகத்தான் இருக்கும். அந்த ஒரு கட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நம் ஊர்ப் பெண்களின் வருடங்களெல்லாம் அந்தக் கட்டம் மாதிரிதானே போயிருக்கின்றன என்று தோன்றியது. வேலை செய்தார்கள், ஆனால் வெறுமை. இடைசெவலில் இருந்து கயத்தாறு வரைக்கும் எத்தனை காடு, எத்தனை குனிந்த முதுகு. நினைக்க நினைக்க எனக்கு மலைப்பாக இருக்கிறது. அதில் ஒரு மாதத்தையாவது என்னால் நிரப்ப முடிந்திருக்கிறது, அதுவும் மலைப்பாக இருக்கிறது.

பிறகு அம்மாவைப் பற்றி யோசித்தேன்.

ஆதாரில் அம்மாவின் பிறந்த தேதி ஜனவரி ஒன்று, எழுபத்தெட்டு என்று இருக்கிறது. உண்மையான தேதி யாருக்கும் தெரியாது, பதிந்தவர்கள் ஒரு கணக்குக்குப் போட்டது. ஆனால் அரசாங்கத்துக்கு அதுதான் அம்மா. அந்தக் கணக்கில் வருகிற ஜனவரியில் அவளுக்கு நாற்பத்தெட்டு முடிகிறது. ஐம்பத்தெட்டுக்குள் பத்து வருடம் வர வேண்டும் என்றால், இந்த வருடம் முடிவதற்குள் அவள் எங்காவது ஒரு பதிவில் வேலைக்குச் சேர்ந்தாக வேண்டும். சில மாதம் முன்பின் விட்டுக்கொடுப்பார்கள் என்றும் சொல்கிறார்கள். அதை நம்பி உட்கார்ந்திருக்க எனக்கு மனம் வரவில்லை.

கோயம்புத்தூர்க் கடைக்குத் தர இரண்டு பேர் கை வேண்டும். தை அறுப்பு வந்தால் ஒருவரால் முடியாது. ஆகையால் இது தர்மம் இல்லை, எனக்கு உண்மையாகவே ஆள் வேண்டும். பணத்துக்கு என்ன செய்வாய் என்பீர்கள். அம்மா அடுத்தவர் காட்டில் வாங்குவதை என்னிடம் வாங்குவாள், கூடுதலாக நான் போட வேண்டியது அவள் பங்குக்குச் சமமான தொகைதான். சம்பளத்துக்கும் அதற்கும் கோயம்புத்தூர்க் கடையிலிருந்து மாதாமாதம் வரப்போகிற பணம் இருக்கிறது.

ஆனால் அம்மாவிடம் கேட்க என்னால் முடியாது. ஒரு தடவை விளையாட்டுப்போல, "நீயும் ஷெட்டுக்கு வாயேம்மா" என்றேன். "பெத்த மக கையில கூலி வாங்குனா ஊரு என்னைப் பாத்துக் கைகொட்டிச் சிரிக்கும்" என்றாள். மறுநாள் காலையில் வழக்கம்போல விதைப்புக்கு ஆள் கூப்பிட்டவர்கள் பின்னால் போய்விட்டாள். மகள் கேட்டால் அது மகளின் பாசம் என்றுதான் அவளுக்குப் படுகிறது. அதை வேலையாகப் பார்க்க மாட்டேன் என்கிறாள்.

நீங்கள் கேட்டால் கேட்பாள். நீங்களும் அவளும் ஒரே பொழியில் வரிசையில் நின்றவர்கள். முதலில் குறைந்த கூலி வாங்கியவர் நீங்கள், அது ஏன் என்று அவளுக்குச் சொல்லத் தகுதியுள்ளவரும் நீங்கள்தான்.

தீபாவளி முடிந்து ஷெட்டுக்கு வருவதற்கு முன்னால், நேராக எங்கள் வீட்டுக்குப் போய் என் அம்மாவை வேலைக்குக் கூட்டிக்கொண்டு வருவீர்களா, அத்தை?

சுடலைச்செல்வி